தோட்டத்தில் கூடாரத் தங்கல்: இடத் தேர்வே முதல் வேலை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதித் தோட்டங்களில் கூடாரம் அமைத்து, நகரத்து மக்களுக்கு ஓரிரு நாட்கள் தங்க வாடகைக்கு விடும் வழக்கம் பரவி வருகிறது. கட்டில், மின்விசிறி, தனிக் கழிப்பறை கொண்ட இவற்றைச் சொகுசுக் கூடாரம் என்கின்றனர். படுக்கையும் சமையல் வசதியும் உள்ள கேரவன் வண்டிகளை நிறுத்தவும் இடம் கேட்கின்றனர். தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றுள்ளது.

வெளியிடத்தில் தங்குவது கொங்கு நாட்டுக்குப் புதியதன்று. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் கால்நடைச் சந்தைக்கு வருவோர், குதிரை, மாடுகளுடன் வெட்டவெளியில் தங்குவது வழக்கம். மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிப்பேட்டைகள் இருந்தன. மேடான நிலம், மர நிழல், பக்கத்தில் தண்ணீர் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே வண்டியை அவிழ்ப்பார்கள். இன்றோ, கண்ணுக்கு அழகான இடத்தில் கூடாரத்தை நட்டுவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். தென்னையின் அடி, பள்ளத்தின் கரை, காட்டின் ஓரம் ஆகிய மூன்றும் அழகான இடங்கள்தாம். ஆனால் ஆபத்து மிகுந்த இடங்களும் இவையே.

தென்னை நிழல் வேண்டாம்

நெட்டை ரகத் தென்னையில் 60 அடி உயரத்திலிருந்து விழும் காய், தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும். மட்டையுடன் கூடிய அக்காய் ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கூடாரத் துணி அதைத் தாங்காது. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், நான்கு மரங்களுக்கு நட்டநடுவில் நின்றாலும் ஒவ்வொரு மரமும் 18 அடிக்குள்தான் இருக்கும். காற்றில் வீசப்படும் காய்ந்த ஓலை அங்கும் வந்து விழும். எனவே தோப்புக்குள் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை. கடைசி வரிசையிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, தோப்பைப் பார்த்தபடி கூடாரம் அமைப்பதே முறை. நிழலுக்கு வேம்பு, புங்கம், பூவரசு நல்லவை. பட்ட கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

மேடும் மண்ணும்

மலையில் பெய்யும் மழைக்குக் கீழே அறிகுறி தெரியாது. வானம் தெளிவாக இருக்கும் இரவிலும் பள்ளத்தில் திடீரென வெள்ளம் வரக்கூடும். கரையில் பழைய வெள்ளம் ஒதுக்கிய சருகும் குப்பையும் எந்த மட்டத்தில் படிந்துள்ளன என்று பார்த்து, அதற்கு நன்கு மேலான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். 100 அடிக்கு ஓரிரு அடி சரிவு உள்ள செம்மண் மேடு மிகவும் ஏற்றது. கரிசல் மண் மழையில் உப்பிச் சேறாகும். கோடையில் வெடிப்பு விடும்.

மண்ணைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓர் அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மாலையில் மீண்டும் நிரப்ப வேண்டும். மறுநாள் காலையிலும் நீர் தேங்கி நின்றால், அவ்விடம் கூடாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் ஏற்றதன்று. நல்ல இடத்திலும் ஒன்றரை அடி உயர மேடை அமைத்து, சுற்றிலும் வடிகால் வெட்டுதல் நலம்.

காற்றும் இடியும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் மேல்காற்றின் வலிமை, கேத்தனூர், பூளவாடி காற்றாலைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும். கூடாரத்தின் வாசல் கிழக்கு நோக்கி இருக்க வேண்டும். மேற்கே சவுக்கு வரிசை இருந்தால், அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். எனினும் மரம் சாய்ந்தால் எட்டாத தொலைவில் கூடாரம் இருத்தல் அவசியம். கோடை இடிமழையில் கூடாரம் பாதுகாப்புத் தராது. ஓடிச் சென்று ஒதுங்கக் காங்கிரீட் கட்டடம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

காட்டின் ஓரம்

2021 ஜனவரியில் வயநாடு மாவட்டம் மேப்பாடியில், வனத்தை ஒட்டிய இடத்தில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். தொண்டாமுத்தூர், காரமடை, ஆனைமலை அடிவாரத் தோட்டங்களுக்கும் யானைகள் வருகின்றன. வாழை, மக்காச்சோளம், பலா உள்ள இடத்தை அவை தேடி வரும். யானை நடமாட்டம் உள்ள தோட்டத்தில் துணிக் கூடாரத்தை வாடகைக்கு விடாதிருப்பதே சரி. மின்கம்பியிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். யானையையும் மனிதரையும் அது ஒருசேரக் கொல்லும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டடப் பணிகளுக்குத் தனி அனுமதி தேவை என்பதையும் மறக்கலாகாது.

கிணறும் பாம்பும்

நம் பகுதித் தோட்டக் கிணறுகள் பல, ஆழமானவை. கைப்பிடிச் சுவர் அற்றவை. உள்ளூர்க்காரருக்கு அது பழக்கம். இருட்டில் வரும் நகரத்துக் குழந்தைக்கு அது எமன். நான்கடி உயரச் சுவரும் மேலே கம்பி வலையும் அமைக்காமல் ஒருவரையும் தங்க வைக்கக் கூடாது. வைக்கோல் போர், தேங்காய் மட்டைக் குவியல், தீவன அறை உள்ள இடத்தில் எலி சேரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளிக் கூடாரம் அமைத்து, கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்குப் போட வேண்டும். பாம்புக்கடி முறிவு மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதை முன்பே விசாரித்து வைத்தல் நன்று.

தண்ணீரும் கழிவும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடலாம். குடிநீரை ஆய்வகத்தில் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். குளியல் நீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம்.

கேரவனுக்கு

இட்டேரி வழியே பெரிய வண்டி வராது. 12 அடி அகலப் பாதை, வண்டியின் எடையைத் தாங்கும் பாலம், தாழ்வான மின்கம்பி இல்லாமை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நிறுத்துமிடத்தைக் கிராவல் பரப்பிக் கெட்டிப்படுத்தி, சமமாக வைக்க வேண்டும். வண்டியின் கழிவுத் தொட்டியை வாய்க்காலில் திறந்துவிட அனுமதிக்கக் கூடாது.

மின் இணைப்பு

பம்புசெட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தைக் கூடாரத்துக்குப் பயன்படுத்துவது விதிமீறல் ஆகும். இதற்கெனத் தனி இணைப்புப் பெற வேண்டும். தொடங்கும் முன் ஊராட்சி அலுவலகத்திலும் சுற்றுலாத் துறையிலும் தேவையான அனுமதிகளைக் கேட்டறிதல் நலம்.

வரவைப் பற்றி

விடுமுறை நாட்களில் ஆள் வரும்; மற்ற நாட்களில் கூடாரம் சும்மா கிடக்கும். ஆகவே கடன் வாங்கிப் பத்துக் கூடாரம் போடுவதைவிட, ஒன்றிரண்டுடன் தொடங்கி, இதை ஊடுபயிராகவே கருத வேண்டும். ஒரே ஒரு விபத்து நேர்ந்தால், பல ஆண்டு வரவும் தோட்டத்தின் பெயரும் போய்விடும். முதல் வாடகையை வாங்குவதற்கு முன், ஆடிக் காற்றில் ஓர் இரவும் ஐப்பசி மழையில் ஓர் இரவும் உழவர் தம் குடும்பத்துடன் அதே கூடாரத்தில் படுத்துப் பார்க்கலாம். தம் பிள்ளைகளை நிம்மதியாகத் தூங்க வைக்க முடிந்த இடமே பிறருக்கு வாடகைக்கு விடத் தகுந்த இடம்.