பிரஷர் பார்த்துக் கொடுங்கள் அந்த மாத்திரையை

சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் என்று கண்ணாடியில் ஒட்டிய பெயரைப் பார்த்துப் பெண்கள் ஏறுகிறார்கள். ஏழு மணி வாக்கில் அதே பஸ்களில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். டீக்கடை, டிபன் கடை, அதற்கடுத்து மெடிக்கல். அறைக்குப் போய்த் தூங்குவதற்கு முன் இந்த மூன்று இடங்களில்தான் நிற்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஓபி நடக்கும்போது இவர்கள் ஒன்று தூக்கத்தில் இருப்பார்கள், இல்லையென்றால் ஆலையில் லைனில் நிற்பார்கள்.

மெடிக்கலில் கேட்கப்படும் மாத்திரைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, பெரும்பாலானவர்கள் "பீரியட்ஸ் மாத்திரை" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன.

பாடலாத்ரி நரசிம்மரைப் பார்க்கவோ, ஊர்த் திருவிழாவுக்கோ, அக்கா கல்யாணத்துக்கோ போக வேண்டி மாதவிலக்கைத் தள்ளிப்போடப் போடுவது நாரெதிஸ்டிரோன். வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. அது கருத்தரிப்பைத் தடுக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை இரண்டாவது. அது அவசரத்துக்கு மட்டும். மாதாமாதம் அதை நம்பி இருப்பவர்களுக்கு உதிரப்போக்குத் தேதி குழம்பும்; பாதுகாப்பும் தினசரி மாத்திரை அளவுக்குக் கிடைக்காது. மூன்றாவதுதான் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த தினசரிக் கருத்தடை மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் இந்த வகை.

மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரை என்ன என்றே சொல்லாமல் கொடுப்பது இந்த மாநிலத்துத் தொழிற்சாலைகளில் நடந்திருக்கிறது. தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளைச் சேர்ந்த சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்று சொன்னபோது பெயர் ஒட்டாத மாத்திரைகள் தரப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். அவை வலிமாத்திரைகள்தான். ஆனால் கையில் வைக்கப்படுவது என்னவென்று தெரியாமலே விழுங்கும் பழக்கம் அப்படித்தான் ஊன்றிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்குத் தினசரி மாத்திரை அந்நியமாகவே இருந்துவந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டு குழந்தை, ஆபரேஷன், முடிந்தது என்பதுதான் நம் வழி. அசாமிலும் மேற்கு வங்கத்திலும் நிலைமை வேறு. மாத்திரை அங்கே வீட்டுப் பொருள். அங்கிருந்து வேலைக்கு வந்த பெண்ணும் விழுப்புரத்துப் பெண்ணும் ஒரே லைனில் நிற்கிறார்கள். ஒருத்திக்கு மாத்திரை பழக்கம், ஆனால் இங்கே கேட்க மொழி தெரியாது. இன்னொருத்திக்கு மொழி உண்டு, மாத்திரையைப் பற்றிச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் அவளுக்கு ஆபரேஷன் பதில் ஆகாது.

வேலை போய்விடுமோ என்ற பயமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியைப் படித்த பெண் தாலியை மட்டுமா மறைத்து வைப்பாள்? மாத்திரை அட்டையையும் பெட்டியின் அடியில்தான் வைப்பாள். மறைத்து வைத்த மாத்திரையைத்தான் வேளைக்குப் போட மறந்துபோகும்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. வெள்ளை 21, அவற்றில்தான் ஹார்மோன். மீதி ஏழும் பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளில் உதிரப்போக்கு வரும். ஏழு முடிந்த மறுநாளே, உதிரப்போக்கு நிற்காவிட்டாலும், புது அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். இரும்பு மாத்திரையை விட்டால் பெரிய நஷ்டம் இல்லை; புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைத் தாமதித்தால்தான் ஆபத்து.

ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறவர்களுக்கு "தினமும் இரவு ஒன்பதுக்குப் போடு" என்ற அறிவுரை உதவாது. பி ஷிஃப்டில் ஒன்பது மணிக்கு அவள் லைனில் இருப்பாள், செல்போனும் பையும் லாக்கரில். எந்த ஷிஃப்டானாலும் நாளுக்கு ஒரு முறை தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு மாத்திரையை முடிச்சுப் போட்டுவிடுங்கள். பல் விளக்குவது அதற்குப் பொருத்தம். சில மணி நேரம் முன்பின் ஆவதால் இந்த வகை மாத்திரை கெட்டுவிடாது. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் அதைப் போட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கம்போலப் போடலாம். இரண்டு மூன்று வெள்ளை மாத்திரை தொடர்ந்து தவறினால், மறுபடி ஏழு நாள் விடாமல் போட்டு முடியும்வரை ஆணுறை வேண்டும். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். ஒரு நாளும் தவறாமல் போட்டால் வருடத்துக்கு ஆயிரம் பேரில் மூன்று பேர்தான் கருத்தரிப்பார்கள். நடைமுறையில், மறதியோடு சேர்த்து, நூறு பேரில் ஏழு பேர்.

இனி, யார் போடக் கூடாது. முழு ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். அதற்கு முன் அதைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தது போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம். ரத்தம் உறைந்து இறந்தவர்களைப் பார்த்த பிறகுதான் அளவைக் குறைத்தார்கள். இன்றைய மாலா-என்னில் இருப்பது 30 மைக்ரோகிராம். மாத்திரை போடாத பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு இரண்டு பேருக்குக் கால் ரத்தநாளத்திலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும். இந்த வகை மாத்திரை போடுகிறவர்களில் ஐந்து முதல் ஏழு பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்தையொட்டியும் அந்த ஆபத்து இதைவிட அதிகம். ஆகவே பெரும்பாலான இளம்பெண்களுக்கு இது நல்ல மருந்து என்று தயங்காமல் சொல்வேன்.

பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். கண்முன் மின்னல் கோடுகள் வந்து பிறகு மண்டையைப் பிளக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், முன்பு ரத்தம் உறைந்தவர்களுக்கும், மார்பகப் புற்றுநோயோ கடுமையான கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கும், 35 வயது தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கும் வேண்டாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் வேறு முறைதான் நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்குச் சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வேலையே செய்யாமல் போகலாம்.

இவர்களுக்கெல்லாம் வழி அடைத்துவிடவில்லை. காப்பர்-டி இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது. அதை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை போட்டால் போதும்.

தினசரி மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து, அதைத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் கூடுதல். நிறுத்திவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத் தொடங்கினால் அந்த ஆபத்தும் முதலிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் நிறுத்துவது, வந்தால் தொடங்குவது என்று இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். லைனில் எட்டு மணி நேரம் நின்றால் இரண்டு காலும்தான் வலிக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அது நின்ற வலி இல்லை. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வராத தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் வந்தாலும் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரை போடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அங்கே வெட்கப்பட்டால் நோய் பிடிபடத் தாமதமாகும்.

இத்தனைக்கும் முதலில் தேவைப்படுவது ஒரு பிரஷர் மெஷினும் சில கேள்விகளும்தான். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024இல் தமிழக அரசு தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலையிடத்துக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அப்படி வரும் நர்சம்மா கைப்பட்டையைச் சுற்றும் அதே ஐந்து நிமிடத்தில், பெண் மட்டும் கேட்கும்படி, "ஏதாவது மாத்திரை போடுறியாம்மா?" என்று கேட்டால் போதும். மாலா-என், சாயா அட்டைகளும் ஆணுறையும் அவருடைய மருந்துப் பெட்டியிலேயே இருக்கட்டும். பதிவேடு சுகாதாரத் துறையிடம் மட்டும் இருக்கட்டும்; எச்ஆர் மேசைக்கோ ஹாஸ்டல் வார்டனுக்கோ அது போகக் கூடாது. இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். மாவட்டச் சுகாதார அலுவலர்கள் நினைத்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.

அதுவரை, இதைப் படிக்கும் தங்கைகளுக்கு: உங்கள் பெட்டியில் இப்போது ஓர் அட்டை இருந்தால் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இந்த வார லீவு நாளில் ஒருமுறை பிரஷர் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்யுங்கள்.