ஒரு குரலுக்குப் பின்னால் பல செவிகள்

வலையொலி நிகழ்ச்சி ஒன்றில் பெரும்பாலும் இரண்டு குரல்களே ஒலிக்கின்றன. ஒருவர் கேள்வி கேட்கிறார். மற்றவர் பதில் கூறுகிறார். மாலை வேளையில் வீட்டு வாசலில் அமர்ந்து பேசுவதுபோல் அவ்வுரையாடல் இயல்பாக அமைகிறது. ஆனால், அந்த இயல்புக்குப் பின்னால், குரல் கேட்காத பலரின் உழைப்பு மறைந்திருக்கிறது.

‘போட்காஸ்ட்’ எனும் சொல் 2004ஆம் ஆண்டில் பிரிட்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழில் வெளிவந்த ஒரு கட்டுரையில் முதன்முதலாக இடம்பெற்றது. ‘ஐபாட்’ கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து அது பிறந்தது. தமிழில் இது வலையொலி எனப்படுகிறது. காணொலிகளைக் கொண்ட தளம் வலையொளி. ஓர் எழுத்து மாறினால் காதுக்குரியது கண்ணுக்குரியதாகிவிடும். வலையொலியில் படம் இல்லை. ஆகவே, கேட்போரின் மனத்தில் காட்சியை உருவாக்கும் முழுப் பொறுப்பும் ஒலியையே சாரும்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள புக்கிட் பெலிம்பிங்கில் மாணவர் குழு ஒன்று, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டியின் நினைவுகளை வலையொலியாக்க முனைவதாகக் கொள்ளலாம். அக்குழுவில் யார் யார் தேவைப்படுவர்?

முதலில் தேவைப்படுபவர் தயாரிப்பாளர். யாரைப் பேட்டி காண்பது, எதைப் பற்றிப் பேசுவது, எவ்வளவு நேரம் பதிவு செய்வது என்பனவற்றை அவர் திட்டமிடுகிறார். பதிவுக்கு முன்பே மூதாட்டியின் வீட்டிற்குச் சென்று நோக்கத்தை விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெறுவதும் அவர் கடமையே. தம் குரல் இணையத்தில் எவரும் கேட்கும் வகையில் வெளிவரும் என்பதை மூதாட்டி தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அறியாமல் தந்த சம்மதம் முழுமையான சம்மதம் ஆகாது.

அடுத்தவர் ஆய்வாளர். அவர் கேள்விகளைத் தயாரிப்பதோடு, கிடைக்கும் தகவல்களையும் சரிபார்க்கிறார். “விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விட்டு மரம் வெட்டப் போவேன்” என்று மூதாட்டி கூறலாம். தோட்ட வாழ்க்கையை அறியாத இளையோர், அவர் மரத்தைச் சாய்த்தார் என்றே எண்ணிவிடுவர். பட்டையைச் சீவிப் பால் எடுப்பதே தோட்ட வழக்கில் ‘மரம் வெட்டுதல்’ என்பதையும், வேலைக்குச் செல்லும் முன் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுப்பதே ‘பெரட்டு’ என்பதையும் ஆய்வாளர் அறிந்து, விளக்கம் சேர்க்கிறார். மூதாட்டி ‘பத்தாங் பெர்ஜுந்தை’ என்று குறிப்பிடும் ஊரே இன்று ‘பெஸ்தாரி ஜெயா’ என்பதையும் அவர்தான் எடுத்துக் கூற வேண்டும். அதே வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடல் தொடங்கியது. இத்தகைய செய்திகள் ஒருவரின் நினைவை நாட்டின் வரலாற்றோடு இணைக்கின்றன.

ஒலிப்பதிவாளரின் வேலை, செவியைக் கூர்மையாக்கிக்கொள்வது. பழகிய ஓசைகளை மனிதச் செவி எளிதில் ஒதுக்கிவிடும்; ஒலிவாங்கி ஒதுக்குவதில்லை. மின்விசிறியின் இரைச்சல், குளிர்பதனப் பெட்டியின் முனகல், செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரியின் சத்தம் ஆகிய எல்லாம் பதிவாகிவிடும். தகரக் கூரையில் மழை கொட்டினால் பேச்சே கேட்காது. ஆகவே, அவர் மின்விசிறியை அணைக்கிறார். ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் வைக்கிறார். ஹெட்ஃபோன் அணிந்து தொடக்கம் முதல் முடிவு வரை கவனிக்கிறார். இறுதியில் அனைவரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்கிறார். வெட்டி ஒட்டிய இடங்கள் காதுக்குத் தட்டுப்படாமலிருக்க அந்த ‘அமைதி’ பின்னர் பயன்படும்.

அதன் பின்னர், பதிவு ஒலித்தொகுப்பாளரின் கைக்கு வருகிறது. இரண்டு மணி நேரப் பேச்சு முப்பது நிமிடமாகச் சுருங்குவது இங்கேதான். இருமல், திரும்பக் கூறல், தடுமாற்றம் ஆகியவற்றை அவர் நீக்குகிறார். இப்பணியில் திறனைவிட நேர்மையே முக்கியம். “அந்தக் காலத்தில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம், ஆனால், பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை” என்று மூதாட்டி கூறியிருந்தால், நேரம் கருதிப் பின்பகுதியை வெட்டிவிடலாம். கேட்போருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால், அவர் வாழ்க்கையின் பொருளே மாறிவிடும். அவ்வாறே, மறைந்த கணவரைப் பற்றிப் பேசும்முன் அவர் சில நொடிகள் மௌனமாக இருந்தால், அது வெற்று இடம் அன்று. அந்த மௌனமும் பேச்சின் ஒரு பகுதியே. எதை நீக்குவது என்பதைவிட எதை நீக்கக்கூடாது என்பதை அறிந்தவரே சிறந்த தொகுப்பாளர்.

பின்னணி இசையைச் சேர்க்கும்போதும் கவனம் தேவை. பிடித்த திரைப்பாடலை எடுத்து இணைத்துவிட முடியாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே, அனுமதி பெற்ற இசையை அல்லது குழுவினரே உருவாக்கிய இசையைப் பயன்படுத்துவதே முறை.

இறுதியாக, வெளியீட்டுப் பொறுப்பாளர் நிகழ்ச்சிக்குத் தலைப்பும் குறிப்பும் எழுதிப் பதிவேற்றுகிறார். செவிப்புலன் குறைந்தோரும் அறிந்துகொள்ளும் வகையில் பேச்சை எழுத்து வடிவிலும் தருகிறார். மூலப்பதிவைக் காப்பதும் அவர் பணியே. மூன்று படிகள் வைத்திருக்க வேண்டும். அவற்றை இரு வகைச் சேமிப்புக் கருவிகளில் வைக்க வேண்டும். ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி.

இவ்வளவு உழைப்பு எதற்கு? சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் வாய்மொழி வரலாறு முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அங்குத் தமிழ்க் குரல்களும் காக்கப்படுகின்றன. தோட்டப்புற வாழ்க்கையின் பல செய்திகளோ இன்னும் முதியோரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. லயன் வீடுகள் இடிந்தாலும் அவற்றின் நிழற்படங்கள் எஞ்சலாம். பதிவு செய்யப்படாத குரலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பெரிய நிறுவனங்களில் இப்பணிகளைத் தனித்தனி ஆட்கள் செய்வர்; மாணவர் குழுவில் ஒருவரே இரண்டு மூன்று பணிகளை ஏற்க நேரலாம். எனினும், எல்லாருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. அது பொறுமையாகச் செவிமடுத்தல். நிகழ்ச்சி வெளிவந்ததும், முதலில் அதனை மூதாட்டிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் தலையசைத்தால், திரைக்குப் பின்னால் உழைத்த அனைவரும் தம் கடமையைச் சரிவரச் செய்துள்ளனர் என்பது பொருள்.