பத்தாம் ஆண்டிலும் தேவை கண்காணிப்பு

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். தமிழகத்தில் உறுப்பு தானம் ஓர் இயக்கமாக வளர்ந்தது அதன் பிறகுதான். அக்காலத்தில் மறுவாழ்வு பெற்றவர்கள் இன்று பதினைந்து ஆண்டுகளைக் கடந்திருப்பார்கள். அவர்களுள் சிலருக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்து குறித்து நாம் அதிகம் பேசுவதில்லை. அது நிணநீர்ப் புற்றுநோய்.

பிறர் உறுப்பை உடல் அந்நியமாகக் கருதித் தாக்காதிருக்க, டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் உடலில் எப்ஸ்டீன்-பார் என்னும் தீநுண்மி அடங்கிக் கிடக்கிறது. மருந்தால் உடலின் காவல் தளரும்போது, அது புகுந்த ரத்த வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகலாம். முதலாண்டில் தோன்றும் புற்று பெரும்பாலும் இவ்வகை. பல ஆண்டுகள் கழித்துத் தோன்றுபவற்றில் தீநுண்மியின் தடயமே இல்லாதவையும் கணிசம். சிறுநீரகம் பெற்றோரில் மிகச் சிலருக்கே இது வரும் என்பது ஆறுதல்.

மயிலாப்பூரில் என் நண்பருக்கு, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பதினோராம் ஆண்டில் கழுத்தில் நெறி கட்டியது. திசுப் பரிசோதனை செய்யாமலேயே காசநோய்க்கு மருந்து எழுதிக் கொடுத்தார் ஒரு மருத்துவர். நம் நாட்டில் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால், காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கக்கூடும். புற்றோ சிகிச்சையின்றி வளரும். நண்பரின் மகள் மருந்தைத் தொடங்கவிடாமல் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். திசுப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது.

எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்தைக் குறைப்பதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. அதனாலேயே சில கட்டிகள் கரைவதை 1984-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் பதிவு செய்தனர். பின்னர் ரிட்டுக்சிமாப் வந்தது. ஆயினும், மருந்தைக் குறைத்தால் உறுப்புக்கு ஆபத்து. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ் உண்டு; கல்லீரலுக்கு அப்படியொரு மாற்று இல்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது. கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்ததும் பாராட்டுக்குரியது. ஆனால், அறுவைகளின் எண்ணிக்கையை மட்டுமே நாம் சாதனையாகக் கொள்கிறோம். தியாகராய நகர் மருந்துக் கடைகளில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் மாத்திரை வாங்கிச் செல்பவர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டார் என்பதும் அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவர் கையில் ஓர் அட்டையும் வேண்டும்: உண்ணும் மருந்துகளின் பெயர்களோடு, 'மாற்று சிகிச்சை மருத்துவரைக் கேளாமல் காசநோய் மருந்து தொடங்கற்க' என்ற ஒரு வரியும் அதில் அச்சிடப்பட வேண்டும்.