கிற்றாரும் சுயகுரலும்: சிம்பாப்வே அனுபவத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

கிற்றார் பயில்பவர் ஓரளவு தேர்ச்சி பெற்றதும் ஒரு வினாவை எதிர்கொள்கிறார். பிறர் வாசித்தவற்றைப் பிழையின்றி வாசிக்கக் கை பழகிவிட்டது. ஆயின் அவ்வாசிப்பில் தமது குரல் எங்கே? இவ்வினாவுக்கு வழமையாக இரு விடைகள் கூறப்படுகின்றன. கருவியை மாற்றுக, ஒலிபெருக்கியை மாற்றுக என்பது ஒன்று. இது வணிகர் கூறும் விடை. விற்பனைக்கு உதவுவது என்பதற்கு மேல் இதனை ஆராய வேண்டியதில்லை. கலைஞனின் தனித்துவம் அவனது அகத்தே முன்னரே முழுமையாக உறைந்து கிடக்கிறது, அவன் அதனைத் தோண்டி எடுத்தாற் போதும் என்பது மற்றையது. இவ்விடை கௌரவமானது, பலரும் ஏற்பது. இதனையே நாம் இங்கு கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம்.

உடலின் குறையோ கையின் இயலாமையோ தனிநடையொன்றுக்குக் காரணமாதல் உண்டு. 1928ஆம் ஆண்டு தமது வண்டியில் ஏற்பட்ட தீயில் சிக்கிய ஜாங்கோ றைன்ஹார்ட், இடக்கையின் மோதிர விரலையும் சின்ன விரலையும் ஏறக்குறைய இழந்தார். எஞ்சிய இரு விரல்களைக் கொண்டு மெட்டுக்களின் மீது ஓடும் வழியொன்றை அவர் வகுத்துக்கொண்டார். பி. பி. கிங் தமது உறவினரான புக்கா வைற்றைப் போலத் தந்தியின் மீது உலோகக் குழாயை வழுக்கி வாசிக்க முயன்று, அது கைகூடாமையாலேயே விரலை அதிரச் செய்யும் தமது கமகத்தை அடைந்தார். இவ்வெடுத்துக்காட்டுகள் சுவையானவை. எனினும் அவை தனிமனிதரின் கதைகளாகவே சொல்லப்பட்டு வந்துள்ளன. தனித்த நாதம் என்பது ஒரு சமூகத்தின் பிரச்சினையாகவும் அமையக்கூடும் என்பதைக் காண்பதற்கு நாம் சிம்பாப்வேக்குச் செல்ல வேண்டும்.

அந்நாடு 1980 ஏப்ரல் 18ஆம் திகதி விடுதலை பெறும் வரை றொடீசியா என்ற பெயரில் வெள்ளையர் சிறுபான்மையின் ஆட்சியின் கீழ் இருந்தது. 1960களில் அதன் நகர்ப்புறக் குடியிருப்புகளில் கிற்றார் வாசித்த ஆபிரிக்க இளைஞர் அக்காலத்தில் எங்கும் கேட்ட பாடல்களையே வாசித்தனர்: எல்விஸ் பிறெஸ்லி, ஒட்டிஸ் றெடிங், கொங்கோவிலிருந்து வந்த றும்பா, தென்னாபிரிக்க நகர இசை. இதனை வெறும் அடிமை மனோபாவம் என ஒதுக்குதல் அவசரமான தீர்ப்பாகும். அமெரிக்கக் கறுப்பரின் இசையிலும் கொங்கோவின் இசையிலும் தமது நவீன இருப்புக்கான அங்கீகாரத்தை அவ்விளைஞர் கண்டனர் என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும். ஆயினும் அவ்வாசிப்பில் அவர்களது மொழியும் தாளமும் இல்லை. 1945இல் பிறந்து, சிறுபிராயத்தைக் கிராமத்திலே பாட்டன் பாட்டியரிடம் கழித்துப் பின்னர் தலைநகருக்கு வந்த தொமஸ் மப்ஃபுமோவும் இத்தகைய பாடகராகவே தொடங்கினார்.

1970களின் முற்பகுதியில், மங்குலா செப்புச் சுரங்கத்தில், தொழிலாளரை மகிழ்விப்பதற்கென அமைந்த இசைக்குழுவொன்றில் மப்ஃபுமோவும் ஜோஷுவா லோமாயி டூபே என்ற கிற்றார்க் கலைஞரும் ஒன்றாகப் பணியாற்றினர். ‘ஹலலூயா சிக்கன் றன்’ என்பது குழுவின் விசித்திரமான பெயர். நாள் முழுவதும் நிலத்துக்கடியில் உழைத்துவிட்டு மாலையில் வந்து அமரும் அவையோரை அமெரிக்கப் பாடல்களின் நகல்கள் எவ்வளவு காலம் நிறைவு செய்யக்கூடும்? 1974இல் அக்குழு பதிவுசெய்த ‘ங்கோமா யாரிறா’ என்ற பாடலில் ஷோனா மொழி மட்டுமன்றி ஷோனா மக்களின் எம்பிரா வாத்தியத்தின் வாசிப்பு முறையும் கிற்றாரின் தந்திகளுக்கு ஏறியிருந்தது.

எம்பிரா எத்தகைய வாத்தியம் என்பதை விளக்காமல் இம்மாற்றத்தின் பருமனை உணர்த்த இயலாது. மரப்பலகையொன்றின் மீது இரும்பு நாக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மூதாதையரின் ஆவிகளுக்குரியதெனப் பெயர் பெற்ற பெரிய எம்பிராவில் அவை 22 அல்லது அதற்கு மேற்பட்டவை. இரு பெருவிரல்களாலும் வலக்கையின் சுட்டுவிரலாலும் அவற்றை மீட்டுவர். ஒலி பெருகுவதற்காக வாத்தியத்தைப் பெரிய சுரைக்குடுவையினுள் வைத்து வாசிப்பர். குடுவையைச் சுற்றியும் பலகையிலும் கட்டிய சிப்பிகள் அல்லது போத்தல் மூடிகள் ஒவ்வொரு சுரத்துடனும் சேர்ந்து இரையும். தூய நாதத்தையே உயர்ந்ததாகக் கருதும் காதுக்கு இவ்விரைச்சல் குறையாகத் தோன்றலாம். ஷோனாக் காதுக்கு அது இல்லாத எம்பிரா உப்பில்லாப் பண்டம்.

வாசிப்பின் அமைப்போ இன்னும் நுட்பமானது. ஒரு கலைஞர் ‘குஷாவுரா’ எனப்படும் முதற்பகுதியைத் தொடங்க, மற்றொருவர் ‘குட்சின்ஹிரா’ எனப்படும் எதிர்ப்பகுதியை அதன் இடைவெளிகளிற் கோத்து வாசிப்பார். பெரும்பாலான உருப்படிகள் 48 சிற்றலகுகள் கொண்ட வட்டமாகச் சுழல்வன. அவ்வட்டம் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு கூறுகளாகப் பிரியும். பன்னிரண்டை மும்மூன்றாகவும் எண்ணலாம், இரண்டிரண்டாகவும் எண்ணலாம். திஸ்ர நடையும் சதுஸ்ர நடையும் பழகிய நமது இசைவாணர், இரண்டும் ஒரே வேளையில் உயிருடன் இருக்கும் நிலையைக் கற்பனை செய்துகொள்வாராயின் ஓரளவு புரியும். சுரைக்காயினுள் விதைகளையிட்டுக் குலுக்கும் ‘ஹோஷோ’ அந்நடையைத் தாங்கிச் செல்லும். இவ்வாறு இருவர் கோக்கும்போது, இருவரில் எவருமே தனியாக வாசிக்காத மெட்டுக்கள் கேட்போரின் செவியில் எழுகின்றன. எந்த மெட்டைப் பின்பற்றுவது என்பது கேட்பவரின் உரிமை.

மூதாதையரை அழைக்கும் ‘பிரா’ என்னும் இரவுச் சடங்கில் இவ்விசை மையமானது. அதனாலேயே கிறிஸ்தவ மிஷன்களிற் பலவற்றால் அது அஞ்ஞானம் எனத் தள்ளப்பட்டது. மூதாதையரோ அரசியலற்றவர் அல்லர். 1896–97இல் வெள்ளையர் குடியேற்றத்துக்கெதிராக எழுந்த கிளர்ச்சியின் போது ஆவியின் வாக்காக மதிக்கப்பட்ட நெஹண்டா 1898இல் தூக்கிலிடப்பட்டார். அக்கிளர்ச்சியின் பெயரான ‘சிமுறெங்கா’ 1970களின் விடுதலைப் போருக்கும் பெயராயிற்று. மப்ஃபுமோவின் இசைக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே ஒரு கிற்றார் எம்பிராவைப் போல ஒலிக்கிறது என்பது அன்றைய சூழலில் ஒலிநயம் பற்றிய செய்தி மட்டுமன்று.

இனிக் கலைஞரின் கைக்கு வருவோம். மின்கிற்றாரின் தந்தி மீட்டியபின் நீண்டு ஒலிக்கும். எம்பிராவின் நாக்கோ விரைவில் அடங்கும். நீண்டு ஒலிக்க விட்டால் விரைந்து வரும் சுரங்கள் ஒன்றன்மேலொன்று வழிந்து கோப்பு சிதையும். இதற்காக வலக்கையின் உள்ளங்கையோரத்தைக் குதிரைக்கு அருகே தந்திகளின் மீது மெல்ல அழுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் பிறந்தவுடனே சுருக்கும் உத்தி கைக்கொள்ளப்பட்டது. அழுத்தம் சிறிது மிகுந்தால் சுரமே இறந்துவிடும். குறைந்தால் அது மீண்டும் அமெரிக்கக் கிற்றாராகிவிடும். இவ்விரண்டுக்குமிடையேயுள்ள மிகச்சிறிய வெளியிலேயே அந்த நாதம் குடியிருக்கிறது. எந்தக் கடையிலும் அதனை வாங்க இயலாது.

இரண்டாவது இடர்ப்பாடு எண்ணிக்கை சார்ந்தது. மூன்று விரல்களும் இருபதுக்கு மேற்பட்ட நாக்குகளும் செய்வதை ஆறு தந்திகளில் ஒருவர் முழுமையாகச் செய்தல் அரிது. எனவே எம்பிரா பங்கிடப்பட்டது. ஒரு கிற்றார் குஷாவுராவைப் பற்ற, மற்றொன்று எதிர்ப்பகுதியைக் கோத்தது. எம்பிராவின் இடப்புறத்துத் தாழ்ந்த நாக்குகளின் வேலையை பேஸ் கிற்றார் ஏற்றது. ஹோஷோவின் குலுக்கம் மேற்கத்திய முரசுத் தொகுதியின் இரட்டைத் தாளத்தட்டுகளுக்குச் சென்றது. மூன்றாவது, சுருதி. எம்பிராவின் சுருதியமைப்பு ஊருக்கு ஊர், கொல்லனுக்குக் கொல்லன் வேறுபடும். கிற்றாரின் மெட்டுக்களோ ஐரோப்பியச் சமபங்குச் சுருதியில் அறையப்பட்டவை. இங்கு விட்டுக்கொடுத்தது எம்பிராவே என்பதை மறைப்பதற்கில்லை.

கிற்றார்க் கலைஞர் தமது ‘சுயநாதத்தை’ அடைந்த அவ்வேளையில், அது தனியொருவரது உடைமையாக இருக்கவில்லை என்பது இங்கு கவனத்துக்குரியது. குழுவினின்று பிரித்தெடுத்த ஒரு கிற்றாரின் வரி, பாதி உரையாடலைக் கேட்பது போன்றது.

அவ்வாறாயின் தனிமனிதரின் பங்கு யாது? அன்று றொடீசியாவில் கிற்றார் வாசித்த அனைவரும் ஒரே சூழலில்தான் வாழ்ந்தனர். அனைவரும் இவ்வழியிற் செல்லவில்லை. சூழலே கலையைப் படைத்துவிடும் என்று எழுதும் விமரிசகர் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் ஜோனா சித்தோலின் வாசிப்பைச் சில நிமிடங்கள் கேட்பது நன்று. 1952இல் பிறந்த சித்தோல், மப்ஃபுமோவின் அசிட் குழுவிலும் 1978இல் உருவான பிளாக்ஸ் அன்லிமிற்றெட் குழுவிலும் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர். தெளிந்த, திரிபூட்டப்படாத ஒலி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே வெட்டி வைத்தாற் போன்ற துல்லியம். வட்டம் சுழன்று வரும்போதெல்லாம் ஒரு சுரத்தை மட்டும் இடம்பெயர்த்துக் கேட்போரின் செவியைப் புதிய மெட்டொன்றுக்குத் திருப்பும் சாதுரியம். பொதுவான வழிமுறையிலிருந்து ஒருவரது கையெழுத்து பிறப்பதை இங்கு காண்கிறோம். ‘டீப் ஹொறைசன்’ என்ற தமது குழுவையும் அவர் நடத்தினார்.

இவ்வழிமுறைக்கு முதல்வர் டூபேயா, சித்தோலா, இன்னுமொருவரா என்பதில் கருத்தொருமை இல்லை. அவ்வினாவே பொருத்தமற்றது என்பது நமது எண்ணம். ஆனால் வேறொரு வினா பொருத்தமானது. உலகம் இவ்விசையை மப்ஃபுமோவின் பெயராலேயே அறியும். அவரது குரலும் துணிவும் அப்பெயருக்கு முற்றிலும் தகுதியானவை. போர்க்காலத்தில் அவர் சிறைப்பட்டார், அவரது பாடல்கள் மொசாம்பிக்கிலிருந்து ஒலித்த போராளிகளின் வானொலியில் இடம்பெற்றன. இருப்பினும் உள்ளங்கையோரத்தின் அழுத்தத்தை மாலைதோறும் பரிசோதித்துக் கண்டறிந்த உழைப்பு இசைத்தட்டின் உறையிற் பெரிய எழுத்துக்களைப் பெறவில்லை. பாடுபவரை நினைவுகூர்ந்து மீட்டுபவரை மறக்கும் இவ்வழக்கம் சிம்பாப்வேக்கு மட்டும் உரியதன்று.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. 1980களின் நடுப்பகுதியில் எம்பிரா வாத்தியமே மப்ஃபுமோவின் மேடைக்கு வந்தது. பின்னர் ஒன்றுக்கு மேற்பட்டவையும் வந்தன. எதனைப் போல ஒலிக்கக் கிற்றார் பல்லாண்டு முயன்றதோ அதுவே இப்பொழுது அருகில் ஒலிக்கிறது! இனிக் கிற்றாருக்கு என்ன வேலை? நடைமுறையில் அது விலகவில்லை. எம்பிராவின் வட்டத்தைக் காக்கும் கடமையிலிருந்து விடுபட்டு, அதன்மேல் எழும் மறைமெட்டுக்களைத் தேர்ந்து உரக்கச் சொல்லும் குரலாயிற்று. கேட்போர் செவியில் எழுந்ததைக் கிற்றார் வாசிக்கலாயிற்று. முன்னர் வளைந்துகொடுத்த சுருதியும் இப்பொழுது திரும்பிற்று: வாத்தியங்கள் ஒருங்கிசையும் பொருட்டு இரு தரப்பும் இறங்கி வர வேண்டியிருந்தது. போலச் செய்தல் என்று தொடங்கியது உரையாடலாக மாறிய கட்டம் இதுவெனலாம்.

அதே நாதம், அதே அடக்கிய தந்திகள், 1989இல் வெளிவந்த ‘கறப்ஷன்’ என்ற இசைத்தட்டில், எவருடைய வெற்றிக்காக ஒலித்தனவோ அவர்களது ஊழலையே வினவின. 2000ஆம் ஆண்டளவில் மப்ஃபுமோ அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திற் குடியேறினார். 2018இல் அவர் ஹராரே திரும்பிப் பெருந்திரளான மக்கள் முன் பாடினார். சித்தோல் 1997இலேயே மறைந்துவிட்டார். அவர் அமைத்த வரிகளை வேறு கைகளே வாசிக்க வேண்டியிருந்தது.