சொல்லிவிட்டுப் போன வேலை

2020 மார்ச் ஊரடங்கில் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ராஜபாளையம் வந்தேன். இன்றுவரை இங்கிருந்துதான் வேலை. எங்கள் மென்பொருள் குழுவில் ஏழு பேர்: கோவையில் மூவர், டொரன்டோவில் இருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தி, இங்கே நான். அலுவலகம் என்று ஒரு கட்டடமே கிடையாது.

"நெட் போயிட்டா என்ன பண்ணுவ?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்வெர்ட்டரும் செல்போன் டேட்டாவும் அதைச் சமாளித்துவிடும். டொரன்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் பத்தரை. எங்கள் மாலை ஆறரை மணிக் கூட்டம் ஏழரைக்குத் தள்ளிப் போகும். அதுவும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: ஒருவர் திணறுவது மற்றவர் கண்ணில் படாமல் போவது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெண் புதிதாகச் சேர்ந்தவள். மூன்று நாளாக ஒரே பதில்: "பார்த்துட்டு இருக்கேன்க்கா." நான்காம் நாள் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். அரை மணி நேரப் பயணம். கண்கள் சிவந்திருந்தன. சர்வரில் ஒரு அமைப்பை மாற்றியிருந்தோம். அதை நானும் இன்னொருவரும் போனில் பேசி முடித்ததோடு சரி, யாரும் எழுதி வைக்கவில்லை. இருபது நிமிடத்தில் சிக்கல் அவிழ்ந்தது. பிழை அவளுடையதல்ல, என்னுடையது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் நூற்பாலையில் முப்பது வருஷம் உழைத்தவர். "ஷிஃப்ட் மாறும்போது, எட்டாம் நம்பர் பிரேம்ல இழை அறுந்துக்கிட்டே இருக்குன்னு அடுத்த ஆள்கிட்ட சொல்லாம மில்லை விட்டு வெளிய வரமாட்டோம்மா" என்றார்.

கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் செய்வதும் இதுதான். பல நாடுகளில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் அதன் ஊழியர்களுக்கான நடைமுறைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டு, யாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்து கிடக்கின்றன.

நாங்களும் மூன்று விதி வைத்தோம். போனில் எடுத்த முடிவை அன்றே எழுத வேண்டும். அரை நாள் சிக்கி நின்றால் கேட்டே ஆக வேண்டும். கேட்டவரை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது.

போன ஆடிப்பூரத்துக்கு அவள் லீவு. ஆண்டாள் தேரோட்டத்தன்று அந்த ஊரில் யார்தான் வேலை பார்ப்பார்கள்? முந்தின நாள் மாலையே, எது முடிந்தது, எது பாக்கி, எங்கே இடிக்கிறது என்று பதினாறு வரி எழுதி வைத்திருந்தாள். மறுநாள் காலை நான் கணினியைத் திறந்தபோது, டொரன்டோ தம்பி பாக்கியை முடித்திருந்தான். அவளை யாரும் போனில் கூப்பிடவில்லை. அவள் நிம்மதியாகத் தேர் வடம் பிடிக்கப் போயிருந்தாள்.