ஊதினால் வரும் சீட்டு

ராத்திரி வாகனச் சோதனையில் கருவியில் ஊதியதும் பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு சீட்டு வரும். அதில் உள்ள எண் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வழக்கு.

“பத்தாயிரத்தைக் கட்டினா முடிஞ்சுது” என்பார்கள். முடியாது. இது ஹெல்மெட் போடாததற்குக் கட்டுகிற ஸ்பாட் ஃபைன் மாதிரி இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினாலும் அது தண்டனைதான். அடுத்த முறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.15,000 என்று ஏறும். லைசென்ஸும் பறிபோகலாம். போதையில் இருப்பவர் என்று தெரிந்தே வண்டியை எடுக்கத் தூண்டியவருக்கும் 188-வது பிரிவில் அதே தண்டனை உண்டு.

குடித்துவிட்டு ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய அளவீடு சரியானதா என்று கேட்பது அவருடைய உரிமை. அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? சான்றிதழ் இருக்கிறதா? சீட்டில் உள்ள பெயரும் நேரமும் சரியா? மதுசாரம் கலந்த மவுத்வாஷால் கொப்பளித்த உடனே ஊதினால்கூட எண் எகிறும். வாயைக் கழுவி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். ஊத மாட்டேன் என்று மட்டும் முரண்டு பிடிக்காதீர்கள். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். தகுந்த காரணமில்லாத மறுப்பு உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும்.

கைதானால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். அதனால் வழக்கே போய்விட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; வழக்கு அப்படியேதான் இருக்கும்.

வாயில் வாடை, தள்ளாட்டம், குழறல் இவை மட்டுமே குடித்ததற்கு நிரூபணமாகாது என்று 1971-இல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி இன்ஷூரன்ஸிடம் போனால் ஏமாற்றம்தான். 2007-இல் டெல்லியில் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே காருக்கு இழப்பீடு தர நிறுவனம் மறுத்தது சரியே என்று 2021-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் இல்லை. மருத்துவர் குறித்து வைத்த மது வாடையும் விபத்து நடந்த விதமும் போதுமானதாக இருந்தன.

உயிர் போனால் கணக்கே வேறு. 2006-இல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் கார் ஏறி இறந்தார்கள். ஓட்டியவருக்கு விதித்த 3 ஆண்டு சிறை, கொலையாகாத மரணம் விளைவித்ததற்கானது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படிப்பட்ட வழக்கில் சீட்டிலுள்ள எண்ணை மட்டும் வைத்து வாதாடித் தப்பிக்க முடியாது.

வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். நகலைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது ஏ.டி.எம். ரசீது மாதிரியான காகிதம், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.