கழுதை கண்டது



ஆண்டவரின் தூதரைக் கண்டு கழுதை ஒதுங்கியது. காணாத பிலயாம் அதை மூன்று முறை அடித்தார் என்கிறது எண்ணிக்கை நூல்.

1947இல் அமெரிக்காவில் பிறந்த டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். மாடுகள் மிரண்டு நின்ற பாதையில் தாமே இறங்கி நடந்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழுந்த நிழல் போன்றவையே அவற்றை மிரட்டின என்று காட்டினார். தாம் சொற்களாலன்றிப் படங்களாகச் சிந்திப்பதால் மாட்டின் பார்வை புரிந்தது என்கிறார்.

ஆட்டிசம் உள்ள எல்லாரும் இப்படியல்லர். நாயின் குரைப்பே சிலருக்கு வேதனை. பலருக்கோ, பேச்சை எதிர்பார்க்காத விலங்கின் நட்பு ஆறுதல்.

தச்சங்குறிச்சி வாடிவாசலில் காளையின் மிரட்சியை அறிந்த நாம், திருவிழா வேட்டுக்குக் காதைப் பொத்தி அலறும் பிள்ளையை அதட்டலாமா? கை ஓங்குமுன், அது எதைக் கண்டது, எதைக் கேட்டது என்று சிந்திப்போம்.